ஒட்டாத நோய்

வலது கை மோதிர விரலின் ஓரத்தில்தான் அது முதலில் வந்தது. வெந்த ஜவ்வரிசி மாதிரி, தோலுக்கு அடியில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள். வெயில் குறைந்து மழைக்கு மேகம் கூடுகிற மாதம். வேர்க்குரு போல ஏதோ என்று நினைத்தேன். ஆனால் அரிப்பு வேர்க்குரு அரிப்பாக இல்லை. கிரைண்டரின் விளிம்பில் வைத்துத் தேய்த்தால் ஒரு நிமிஷம் சுகமாக இருக்கும், பிறகு எரியும். சில நாளில் கொப்புளங்கள் வற்றின. வற்றிய இடத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அத்தோடு போயிற்று என்று இருந்தேன். அடுத்த தடவை வந்தபோது உள்ளங்கை முழுக்க வந்தது.

நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் ஓயாத தெருக்களில் எங்கள் தெருவும் ஒன்று. என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அத்தை, அவருடைய அம்மா, எங்களோடு இருக்கிறார். அரிசி கழுவுவது, உளுந்து களைவது, கிரைண்டரில் கையை விட்டுத் தள்ளிக் கொடுப்பது, அரைத்து முடிந்ததும் குழவியைக் கழுவுவது, சட்டிகளைத் தேய்ப்பது என்று நாளில் பாதி நேரம் என் கை தண்ணீருக்குள்தான் கிடக்கும். கடைசியில் உப்பைப் போட்டுக் கையாலேயே கரைப்பேன். கைச்சூடு பட்டால் மாவு நன்றாகப் பொங்கும். தெருவில் யாராவது "ஒன் கை ராசிட்டி" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

உள்ளங்கையில் தோல் தடித்து, ரேகைகள் நெடுகப் பிளந்தது. விரல் மடக்கும் இடங்களில் பிளேடால் கீறியது போல வெடிப்பு. அந்தக் கையை உப்புப் போட்ட மாவுக்குள் விடும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். மகளுக்குச் சடை போடும்போது அவள் முடி என் விரல் வெடிப்புகளில் சிக்கி இழுக்கும். அவளுக்கும் வலிக்கும், எனக்கும் வலிக்கும். ஒரு நாள் காலையில், "நானே போட்டுக்கிடுதேம்மா" என்று சீப்பை வாங்கிக்கொண்டாள். அவள் வளர்ந்துவிட்டாள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

"இது கரப்பான்" என்றார் அத்தை. "ரத்தத்துல சூடு. கத்தரிக்காய தொடாத. கருவாட்ட தொடாத."

கத்தரிக்காய் போனது, கருவாடு போனது, நிலக்கடலை போனது. குப்பைமேனியை அரைத்துப் பூசினோம். கோயிலில் புற்றுமண் எடுத்து வந்து தண்ணீரில் குழைத்துக் கை நிறையத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ந்ததும் வெடிப்புகள் இன்னும் வாயைத் திறந்தன. எனக்குத்தான் நம்பிக்கை போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் மறுபடி போய்க் கும்பிட்டேன்.

மெடிக்கலில் கையை நீட்டிக் காட்டினேன். பார்த்ததும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். பூசிய மூன்றாம் நாள் கை பிஞ்சுக் கை ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தையிடம் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ட்யூபை நிறுத்தியதும் போனது இரட்டிப்பாக வந்தது. மறுபடி பூசினேன், போனது. மறுபடி நிறுத்தினேன், வந்தது. இப்படியே ஒரு வருஷம் ஓடியது. விரல் நுனித் தோல் மெலிந்து வழவழப்பாகி, லேசாகப் பட்டாலே ரத்தம் கசிந்தது. ரேஷன் கடையில் விரலை வைத்தால் மிஷின் எடுக்கவில்லை. "நல்லாத் தொடச்சிட்டு வைங்க" என்றாள் அங்கிருந்த பெண். முந்தானையில் துடைத்து வைத்தேன். கட்டைவிரலை எடுக்கவில்லை, ஆள்காட்டி விரலை எடுக்கவில்லை, இடது கையையும் எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டி என் கையைப் பார்த்தார்கள். பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தறியிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ரேஷன் கடைக்கு அனுப்பினேன்.

அதற்குள் காலுக்கும் வந்திருந்தது. புறங்காலில் பட்டை பட்டையாகக் கறுத்துத் தடித்து அரித்தது. உள்ளங்காலில் கொப்புளங்கள், குதிகாலில் வெடிப்பு. கையில் இருந்தது காலுக்கு இறங்கிவிட்டது என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் பட்டது. உடம்பு முழுக்க ஏறப் போகிறது என்று பயந்து, குளிக்கும்போதெல்லாம் முழங்கையையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்ப்பேன்.

மாவு வாங்க வருகிறவர்களில் பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் உண்டு. பல வருஷப் பழக்கம். ஒரு நாள் பாக்கெட்டை நீட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். பாக்கெட்டின் அடியைப் பிடித்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் நல்ல மனுஷி, யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்காக நான் ரப்பர் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கை மறைந்தது. தண்ணீரும் படாது. இதை முன்பே செய்திருக்கலாமே என்று தோன்றியது.

கையுறைக்குள் கை வெந்தது. கழற்றினால் விரல்கள் வீங்கிச் சிவந்து, மணிக்கட்டில் கையுறை முடிகிற இடத்தில் வளையல் போல ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். வியர்வை சேர்ந்ததால் என்று நினைத்தேன். அதற்காக ட்யூபை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசி, கையுறையை மாட்டிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சிக்கு வளைகாப்பு வந்தது.

அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா இறந்தபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். அவளை நான் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் மகள் அவள் இடுப்பில்தான் வளர்ந்தாள். படிக்க வைத்து, ராயகிரியில் நல்ல குடும்பம் பார்த்துக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை விவசாயம், மாமியார் கண்டிப்பான ஆள், ஆனால் இவளைத் தாங்குவார். கல்யாணத்தில் அம்மா ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தவள் நான்தான். வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது முறை. அவளுக்குத் தாய்வீடு என்றால் என் வீடு. தெருப்பக்க அறையைக் காலி பண்ணி, சுண்ணாம்பு அடித்து, புதுப் பாய் வாங்கிப் போட்டிருந்தேன். தறித் தூசி வராமல் ஜன்னலுக்குத் திரை தைத்தேன்.

ஏழு வகைச் சாதமும் தட்டுகளும் ஏற்றிக்கொண்டு வேனில் போனோம். அன்றைக்குக் காலையில் கை நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்று நிறையப் பூசியிருந்தேன். அப்படியும் விரல் நுனிகளில் தோல் உரிந்துகொண்டிருந்தது. தங்கச்சி பட்டுச் சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பி, அம்மா ஜாடை அப்படியே வந்திருந்தது.

முதலில் சந்தனம் பூசுகிறவள் தாய். அந்த இடம் எனக்கு என்று நான் எழுந்தேன். சந்தனக் கிண்ணத்தின் பக்கம் போவதற்குள் அவள் மாமியார் வந்து என் முழங்கையைத் தொட்டார். கையை இல்லை, முழங்கையை.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. நீ பூவ மட்டும் வச்சு விடு. சந்தனத்தையும் வளையலையும் ஒங்க அத்தை போடட்டும்."

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த நாலைந்து பேருக்குக் கேட்டிருக்கும். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. பூவை எடுத்து, அவள் தலையில் விரல் படாமல் சடையில் செருகிவிட்டு நகர்ந்தேன். அத்தை வந்து சந்தனம் பூசினார்.

சாப்பாடு முடிந்து, கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம். தங்கச்சியின் பெட்டி வெளியே வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"பேறுகாலத்த இங்கனயே வச்சிக்கிடுதோம் தம்பி. ஆஸ்பத்திரி பக்கம். அவளும் இங்கனயே இருக்கேங்கா."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா அத்தை. ரூம்பெல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கோம்" என்றார் இவர்.

"முறையெல்லாம் சரிதான். கைக்குழந்த. தொத்து வியாதி பக்கம் வச்சிக்கிட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி வாசற்படி வரை வந்தாள். "யக்கா, ஃபோன் பண்ணுதேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேனில் அவளுக்கென்று விட்டு வைத்திருந்த சீட்டில் காலிப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு திரும்பி வந்தோம். வழியெல்லாம் கரிசல் காடு.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார், "திங்கக்கெழம திருநெல்வேலி போறோம். தோல் டாக்டரப் பாக்குதோம்."

"பாத்து? பெருநோய்னு சொன்னா?"

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். மனதுக்குள் பல மாதமாக இருந்தது. அதனால்தான் டாக்டரிடம் போகாமல் ட்யூபோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். இவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் என் வயதுள்ள பெண். கையைக் காட்டினேன். அவர் கையுறை போடாமல் வெறும் கையால் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது.

"தொழுநோய் இல்லை. அதுதானே பயம்?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டு, பிறகு கேள்விகளை ஆரம்பித்தார். காலையில் எழுந்தது முதல் என்ன என்ன செய்வேன், எதை எதைத் தொடுவேன், எந்த சோப்பு. கையுறை எப்போதிலிருந்து, அதற்குப் பிறகு கூடியதா குறைந்ததா. சின்ன வயசில் தோலில் ஏதும் வந்ததா, வீட்டில் யாருக்காவது மூச்சு இழுப்பு உண்டா. அம்மாவுக்கு இழுப்பு உண்டு என்றேன். எனக்கு முழங்கால் மடிப்பில் சின்ன வயசில் சொறி வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதையும் சொன்னேன்.

"காலைக் காட்டுங்க."

காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தேன். அவர் புறங்காலைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த என் செருப்பைப் பார்த்தார். "அதை எடுத்துக் காலுக்குப் பக்கத்துல வைங்க" என்றார். வைத்தேன். செருப்பு வாரும் என் கால் மேல் இருந்த கறுப்பும் ஒன்றுக்கொன்று அச்சாக இருந்தன. இத்தனை நாள் குனிந்து குனிந்து பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துப் பொட்டுகளை ஒட்டி அனுப்பினார். குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, அதை நனைக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்துப் போனபோது பிரித்துப் பார்த்தார், அதற்குப் பிறகு இன்னொரு முறையும் வரச் சொன்னார். ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. ரப்பரைப் பதப்படுத்துவதற்குச் சேர்க்கிற ஒரு மருந்து அது என்றார். செருப்பில் உண்டு, கையுறையிலும் உண்டு.

"அப்ப கையக் காப்பாத்தணும்னு போட்டதுதான் கெடுத்துச்சா?"

"அதுக்கு முன்னாடியே தண்ணியும் சோப்பும் கெடுத்திருக்கு. உங்க தோல் பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமான தோல். தினமும் தண்ணியிலயே ஊறினா அதுல இருக்கிற எண்ணெய்ப் பசையெல்லாம் போயிரும். பிறகு எது பட்டாலும் உள்ள இறங்கும். ரப்பர் அதுக்கு மேல ஏறிச்சு. இதுக்குப் பேரு எக்ஸிமா. கிருமி இல்லை. உங்க கையில இருந்து இன்னொருத்தருக்குப் போகாது. குழந்தைக்கும் போகாது."

"கத்தரிக்காய்?"

"தாராளமா சாப்பிடுங்க." சிரித்தார். புற்றுமண்ணைப் பற்றியும் தயங்கிக்கொண்டே கேட்டேன். "நெத்தியில வச்சுக்கோங்க. வெடிச்ச தோல்ல மண்ணு வேண்டாம்" என்றார்.

"முழுசாக் கொணமாயிருமா டாக்டர்?"

"இல்லைன்னுதான் சொல்லணும். கட்டுக்குள்ள வைக்கலாம். நல்லா இருக்கும், திடீர்னு ஒரு நாள் கிளம்பும். கிளம்பும்போது என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

விரல் நுனியை மெலிய வைத்தது அந்த மெடிக்கல் ட்யூப்தான் என்றார். அதை ஒரேயடியாக நிறுத்தாமல், அதற்குப் பதில் அவர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன நாள் வரைக்கும் பூசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். அதைவிட முக்கியம், வாசனை இல்லாத ஒரு கொழகொழப்பான களிம்பு. கை நனைகிற ஒவ்வொரு முறையும், துடைத்த கையோடு, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூச வேண்டும். தண்ணீர் வேலைக்கு உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் கையுறை, அதுவும் கொஞ்ச நேரம் மட்டும். பூண்டு, எலுமிச்சை வெறும் கையால் வேண்டாம். வெந்நீர் வேண்டாம். செருப்பு ரப்பர் இல்லாததாக வாங்க வேண்டும்.

கேட்பதற்கு இது லேசு. பிசுபிசுத்த கையோடு எந்தப் பாத்திரத்தைப் பிடித்தாலும் வழுக்கும். ஃபோனைத் தொட்டால் எண்ணெய்ப் பசை, கதவைத் தொட்டால் எண்ணெய்ப் பசை. பூசின கையைக் கழுவினால் மறுபடி பூச வேண்டும். சில நாள் எரிச்சலில் அந்த டப்பாவை மூலையில் எறிந்திருக்கிறேன். மாவைக் கரைக்கிற வேலையை இவர் எடுத்துக்கொண்டார். தறிக்குப் போகும் முன் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து நிற்பார். "மாவு முன்ன மாதிரி இல்லியே" என்று வாங்குகிறவர்கள் சொன்னார்கள். சொன்னாலும் வாங்கினார்கள்.

இரண்டு மாதத்தில் கை மனுஷக் கை ஆனது. தோல் கரடுமுரடாகத்தான் இருந்தது, ஆனால் வெடிப்பு மூடியிருந்தது. ஒரு வாரம் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். பாத்திரம் தேய்த்ததில் மறுபடி விரல் இடுக்கில் ஜவ்வரிசி கிளம்பியது. எல்லாம் மறுபடியும் முதலிலிருந்தா என்று பயந்தேன். டாக்டர் சொன்னபடி செய்தேன், அடங்கியது. அடங்கும் என்று நம்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

தங்கச்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது. இவரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமியார் அப்போது வெளியே சாப்பாடு வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டேன்.

"எடுக்கா. ஏன் அங்கனயே நிக்க?"

"இருக்கட்டும்ட்டி. தூங்குதான்லா."

"டாக்டர் ஒட்டாதுன்னு சொன்னாங்கன்னு அத்தான் ஃபோன்ல சொன்னாங்க."

"சொன்னாங்க."

"பிறகென்ன?"

டாக்டர் சொன்னதை நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். என் கைகளுக்கு அதைச் சொல்ல முடியவில்லை. குழந்தையைப் பார்க்கப் பார்க்க, கைகள் தாமாக முந்தானைக்குள் போய் ஒளிந்தன.

தங்கச்சி குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அன்னைக்கு எங்க அத்தை தானாச் சொல்லலக்கா. நான்தான் சொல்லச் சொன்னேன்."

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"சந்தனத்தயா?"

"சந்தனத்தயும். இங்கனயே இருக்கேன்னதையும். எனக்குப் பயமா இருந்துச்சு. ஒன் கையப் பாக்கும்போதெல்லாம் வயித்துக்குள்ள இருக்க புள்ளைக்கு என்ன ஆகுமோன்னு… ஒங்கிட்ட சொல்ல வாய் வரல. அத்தை அவங்க மேல பழியப் போட்டுக்கிட்டாங்க."

பத்து வருஷம் அந்தக் கையால் சோறு போட்டிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிக் காட்ட நாக்கு நுனி வரை வந்தது. அவள் பயந்ததில் என்ன தப்பு என்று இன்னொரு பக்கம் தோன்றியது. எனக்கே என் கையைப் பார்த்துப் பயமாகத்தானே இருந்தது. அவள் குழந்தையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். பச்சை உடம்புக்காரி, ரொம்ப நேரம் ஏந்த முடியாது. அதற்காக வாங்கிக்கொண்டேன். துணியோடு சேர்த்து, விரல்களை மடக்கி, முழங்கையில் ஏந்திக்கொண்டேன். சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் தங்கச்சி ஃபோன் பண்ணினாள். குரல் சரியில்லை.

"யக்கா, புள்ளைக்குக் கன்னமெல்லாம் செவந்து கெடக்கு. சொரசொரன்னு இருக்கு. அரிச்சிக்கிட்டே அழுதான்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் காதில் விழுந்தது. பின்னால் அவள் மாமியார் யாரிடமோ சத்தமாகப் பேசுவதும் கேட்டது. ஃபோனை வைத்த பிறகு ஆஸ்பத்திரியில் அவனைத் தொட்ட அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். விரலை மடக்கித்தானே வைத்திருந்தேன்? எங்காவது பட்டதா? அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை. மகள்தான் கடையில் தோசை வாங்கி வந்தாள். "டாக்டர் சொன்னது நெசம்னா இது ஒன்னால வந்திருக்காதும்மா" என்றாள். பாடத்தில் ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை.

அதே டாக்டரிடம் குழந்தையைக் கொண்டு வரச் சொன்னேன். திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேரும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி, அவள் மாமியார், குழந்தை, நான். உள்ளே போனதும் மாமியார்தான் முதலில் கேட்டார்.

"இவ கையிலருந்து ஒட்டுனதாம்மா இது?"

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஞாபகம் இருந்தது அவருக்கு. குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார்.

"இல்லைம்மா. இவங்க இந்தப் பிள்ளையைப் பார்க்காமலே இருந்திருந்தாலும் இது வந்திருக்கும். நிறையக் குழந்தைகளுக்கு வர்றதுதான். இவங்க அம்மாவுக்கு இழுப்பு இருந்திருக்கு. இந்த மாதிரித் தோல் சில குடும்பத்துல வழிவழியா வரும். தொட்டு வர்றது இல்லை."

"அப்ப எங்க வழியில வந்ததா?" என்றாள் தங்கச்சி.

"யாரு வழின்னு வழக்குப் பேச வேண்டாம். தோலைக் காயவிடாமப் பாத்துக்கிட்டா போதும். பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வளர வளரக் குறைஞ்சிரும்."

குளிப்பாட்டுவது, களிம்பு பூசுவது, எந்தத் துணி போடுவது எல்லாம் சொன்னார். தங்கச்சி மனதில் ஒன்றும் பதியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. வெளியே வந்ததும், "எனக்கு ஒண்ணுமே வெளங்கலக்கா" என்றாள். "கொஞ்ச நாளைக்கு அங்க வாரேன். நீ பக்கத்துல இருந்து காட்டிக் கொடு." மாமியார் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

அப்படித்தான் அவள் தெருப்பக்க அறைக்கு வந்து சேர்ந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் களிம்பைப் பூச வேண்டும். முதல் நாள் நான் சொல்லச் சொல்ல அவள் பூசினாள். அவள் அழுத்தித் தேய்த்தாள், குழந்தை வீறிட்டான். "இப்படியில்லட்டி, முடி போற வாக்குல, மெதுவா" என்று பொறுக்க முடியாமல் நானே கையை வைத்துவிட்டேன். என் சொரசொரப்பான உள்ளங்கை அவன் முதுகில் போனது. அவன் அழுகையை நிறுத்தி விழித்துப் பார்த்தான். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அவன் முதுகைத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் பார்த்தேன்.

கன்னத்துச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குழந்தைத் துணிகளை அலசி அலசி என் கை மறுபடி கிளம்பியது. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, துணி வாளியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீ உக்காரு" என்றாள். வளைகாப்பு நாளைப் பற்றி எங்களுக்குள் அதற்குப் பிறகு பேச்சு வந்ததே இல்லை. ஆல்பம் வந்தபோது அந்தப் பக்கங்களை இரண்டு பேருமே சீக்கிரம் திருப்பினோம்.

இப்போது அவள் ராயகிரிக்குத் திரும்பிவிட்டாள். பையன் தவழ்கிறான். கன்னம் தெளிந்துவிட்டது, முழங்கை மடிப்பில் மட்டும் அவ்வப்போது சிவக்கிறது. சிவந்தால் ஃபோன் வருகிறது. மாமியாரே ஒரு தடவை பேசினார், தீர்ந்துபோன களிம்புக்கு என்ன பெயர் என்று கேட்பதற்காக. கேட்டுவிட்டு, "ஒங்கை எப்படி இருக்கு?" என்றார். பரவாயில்லை என்றேன். உண்மையில் அந்த வாரம் பரவாயில்லை என்று சொல்கிற மாதிரி இல்லை. மழை தொடங்கியிருந்தது. இடது கைச் சுண்டு விரலில் புதிதாக ஒரு வெடிப்பு. பருத்திக் கையுறைக்குள் விரலை நுழைக்கும்போது நூல் மாட்டி இழுத்தது. களிம்பை வைத்து, மேலே பிளாஸ்டிக் கையுறையையும் மாட்டிக்கொண்டு உளுந்து களையப் போனேன்.